மேடைப் பயத்தால் ஆடுவதை நிறுத்தியவர்: கென்னத் மேக்மில்லன் நடன அமைப்பாளர் ஆனது எப்படி?

#1 மூன்றாம்மணி

வணக்கம் நண்பர்களே. ‘மேயர்லிங்’ பாலேயின் பதிவை நேற்று இரவு நான்காவது முறையாகப் பார்த்தேன். முடிந்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஒரு கேள்வி மனதை விட்டுப் போக மறுக்கிறது. இங்கே பாலே தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்டுவிடுகிறேன்.

கென்னத் மேக்மில்லன் என்றால் நமக்கு நடன அமைப்பாளர்தான். ‘ரோமியோ ஜூலியட்’, ‘மானோன்’, ‘மேயர்லிங்’ மூன்றும் இன்றுவரை பல நாடுகளில் ஆடப்படுகின்றன. ஆனால் அவர் ஆட வந்தவர். அதுவும் அடம்பிடித்து வந்தவர். 1929-இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினில் பிறந்தார். ஏழைக் குடும்பம். அப்பா முதல் உலகப் போரில் விஷவாயு தாக்கி உடல் கெட்டுத் திரும்பியவர். அம்மா இவர் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பதினைந்து வயதில், அப்பா எழுதுவதுபோலத் தானே ஒரு கடிதம் எழுதி, சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே பள்ளியையும் குழுவையும் நடத்திய நினெட் டி வாலுவாவுக்கு அனுப்பினார், மகனைத் தேர்வுக்கு அழைக்கச் சொல்லி. அழைப்பு வந்தது. பள்ளியில் இடமும் கிடைத்தது. 1946-இல் சாட்லர்ஸ் வெல்ஸ் தியேட்டர் பாலே தொடங்கியபோது அதில் ஆடிய முதல் அணியில் அவரும் ஒருவர்.

இத்தனை பாடுபட்டு வந்தவர், ஐம்பதுகளின் தொடக்கத்தில், இருபதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, மேடை ஏற முடியாமல் தவித்தார். கால் நன்றாகத்தான் இருந்தது, முதுகும் நன்றாகத்தான் இருந்தது. பயம். வெறும் பயம். 1952-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். நண்பரும் நடன அமைப்பாளருமான ஜான் கிராங்கோ, ஹென்லி என்ற ஊரின் சிறிய அரங்கில் நடத்திய குழுவுக்கு அவரை அழைத்துப்போனார். அடுத்த ஆண்டு, 1953 பிப்ரவரியில், ஒரு பயிலரங்கு நிகழ்ச்சிக்காக அவர் அமைத்த ‘சோம்னாம்புலிசம்’ மேடையேறியது. ஸ்டான் கென்டனின் ஜாஸ் இசைக்கு அமைத்தது. அதற்கப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 1955-இல் ‘டான்ஸ் கான்செர்டான்ட்’ வந்ததும் முழுநேர அமைப்பாளர் ஆகிவிட்டார்.

என் கேள்வி இதுதான். அந்தப் பயம் வராமல் இருந்திருந்தால் நமக்கு இந்த மேக்மில்லன் கிடைத்திருப்பாரா? அவருடைய ஒவ்வொரு பாலேயிலும் அந்தப் பயம் வேறு வேறு வேடத்தில் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. நான் ஆடுகிறவன் இல்லை, பார்க்கிறவன் மட்டும்தான். ஆடியவர்கள் சொல்லுங்கள்.

#2 திரைக்குப்பின்

நல்ல இழை. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேக்மில்லன் சுமாரான ஆட்டக்காரர், அதனால்தான் அமைப்பாளர் ஆனார் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். உயரமானவர், சுத்தமான செவ்வியல் பாணி உள்ளவர், பெரிய வேடங்களுக்குப் போகக்கூடியவர் என்றுதான் அவரைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விட்டது திறமைக் குறைவால் அல்ல.

ஆட்டத்திலிருந்து அமைப்புக்கு வந்தவர்களை எடுத்துக்கொண்டால் ஆளாளுக்கு ஒரு பாதை. பாலன்ஷைனுக்கு இருபதுகளிலேயே முழங்காலில் அடி. அதன் பிறகு பெரிய தாவல்களுக்கு வழியில்லை. ஆஷ்டன் ஆடுவதை முழுதாக விடவேயில்லை. தன் ‘சின்ட்ரெல்லா’வில் மாற்றாந்தாய் மகள்களில் ஒருத்தியாகத் தானே வேடம் கட்டி ஆடினார். கிறிஸ்டோபர் வீல்டன் நியூயார்க் சிட்டி பாலேயில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, 2000-இல், இருபத்தேழு வயதில் நிறுத்திவிட்டு அமைப்பைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டே அந்தக் குழுவின் நிரந்தர நடன அமைப்பாளர் ஆனார்.

உடம்பு கைவிட்டவர்கள் உண்டு, தாமாக விட்டவர்கள் உண்டு. உடம்பு தயாராக இருந்தும் மனம் முடியாது என்று சொன்னவர் மேக்மில்லன். அந்த வகையில் உங்கள் கேள்வி சரியான கேள்வி.

#3 இரவல்சிறகு

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் அது நடந்தது.

பதினோரு வருடம் பாலே படித்தேன். ஒரு சிறிய குழுவில் இரண்டு வருடம் ஆடினேன். ஒருநாள் மாலை, விங்கில், அதாவது மேடையோர மறைவில், நின்றுகொண்டிருக்கிறேன், என் நுழைவுக்கு இசையில் இன்னும் பதினாறு எண்ணிக்கை இருக்கிறது. பதினாறையும் எண்ணினேன். கால் நகரவில்லை. பின்னால் நின்ற பெண் என்னைத் தோளில் தள்ளித்தான் உள்ளே போனேன். ஆடி முடித்தேன், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்தப் பதினாறு எண்ணிக்கை என்னைத் துரத்தியது. குழுவை நடத்தியவரிடம் சொன்னேன். பயிற்சி போதவில்லை, அதனால்தான் பயம் என்றார். பயிற்சியைக் கூட்டினேன். பயம்தான் கூடியது. ஆறு மாதத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேடைப் பயம் என்றால் படபடப்பு, வியர்வை என்று நினைப்பீர்கள். அது எல்லோருக்கும் உண்டு, அது ஆட்டத்துக்கு நல்லதும்கூட. நான் சொல்வது வேறு. செவ்வியல் பாலேயில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. நடிகருக்கு வசனம் இருக்கிறது, வாத்தியக்காரருக்கு வாத்தியம் இருக்கிறது. நமக்கு உடம்பு மட்டும்தான். ஒற்றைக் காலில் நிற்கும்போது கணுக்கால் ஒரு துளி நடுங்கினாலும் கடைசி வரிசைக்குத் தெரியும். அந்த நடுக்கத்தை நினைத்தாலே நடுங்கும். அப்புறம் வகுப்பில் சாதாரணமாகச் செய்கிற சுழற்சி மேடையில் வராது. தெரிந்த வீட்டுக்கே வழி மறந்துபோன மாதிரி இருக்கும்.

மேக்மில்லனுக்கு அதேதான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய பாலேக்களில் ஆட்கள் தடுமாறுவார்கள், சரிவார்கள், தரையில் உருளுவார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனிதருக்கு அந்த விங்கில் நிற்பது என்னவென்று தெரியும் என்று எனக்குத் தோன்றும்.

#4 மூன்றாம்மணி

இரவல்சிறகு, இதை எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. அந்தப் பதினாறு எண்ணிக்கையை இனி என்னால் மறக்க முடியாது. இப்போது ஆடுகிறீர்களா?

#5 இரவல்சிறகு

மேடையில் இல்லை. ஒத்திகை உதவியாளராக இருக்கிறேன். மற்றவர்களுக்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுக்கிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

#6 ஐந்துகோடு

நான் பெனிஷ் குறியீடு படித்தவள். புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: பாலே அசைவுகளை எழுதி வைக்கும் முறை அது. ருடால்ஃப் பெனிஷ், ஜோன் பெனிஷ் தம்பதி உருவாக்கி 1955-இல் வெளியிட்டார்கள். இசைக்கு எழுதுவதைப் போலவே ஐந்து கோடு. உச்சந்தலை, தோள், இடுப்பு, முழங்கால், தரை. ஆடுகிறவரைப் பின்னாலிருந்து பார்ப்பதாக வைத்து எழுதுவோம், அப்போதுதான் எழுதியவரின் வலதும் ஆடுகிறவரின் வலதும் ஒன்றாக இருக்கும்.

இந்தக் குறியீட்டைப் படித்துப் பழகிய கண்ணுக்கு ஒவ்வொரு அமைப்பாளரின் பக்கமும் ஒவ்வொரு மாதிரி தெரியும். பாலன்ஷைனின் பக்கத்தில் குறிகள் நெருக்கமாக, வேகமாக ஓடும். மேக்மில்லனின் ஜோடி நடனப் பக்கத்தில் பெண்ணின் உடம்பு கோடுகளுக்கு இடையில் எங்கெங்கோ போகும். தலை முழங்கால் கோட்டுக்கு வரும். இடுப்பு தோளுக்கு மேலே போகும். ஆண் எந்தக் கையால் எங்கே பிடிக்கிறான் என்பதை எழுதவே தனியாகப் பொறுமை வேண்டும். பிடியை ஒரு நொடி தாமதமாக மாற்றினால் அவள் கீழே விழுவாள். அந்த அளவுக்கு நூலிழையில் நிற்கிற தூக்கல்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் முழுநீள பாலேயை அமைக்கும்போது ஜோடி நடனங்களை முதலில் அமைத்துவிட்டு, அங்கிருந்துதான் வெளியே விரிவார். சந்தைக் காட்சி, விருந்துக் காட்சி எல்லாம் பிறகு. இரண்டு உடம்புகள் தனியாக இருக்கும் இடமே அவருக்குக் கதையின் கரு. ‘ரோமியோ ஜூலியட்’டின் மாடக் காட்சியை முழு பாலேக்கு முன்பே, கனடா தொலைக்காட்சி ஒன்றுக்காக லின் சீமோரையும் கிறிஸ்டோபர் கேபிளையும் வைத்து அமைத்திருந்தார். மூன்று அங்கமும் அந்த ஒரு காட்சியிலிருந்து முளைத்ததுதான்.

கூட்டத்தின் முன்னால் நிற்க முடியாத ஒருவர், யாரும் பார்க்காத அறையில் இரண்டு பேர் என்ன செய்துகொள்வார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறார். இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

#7 திரைக்குப்பின்

அந்த மாடக் காட்சியைத் தொட்டதால் பின்கதையையும் சொல்லியாக வேண்டும். அந்த பாலே சீமோரின் உடம்பிலும் கேபிளின் உடம்பிலும் உருவானது. ஆனால் 1965 பிப்ரவரி 9 அன்று லண்டன் கோவன்ட் கார்டனில், ராயல் பாலேயின் அரங்கான ராயல் ஓப்பரா ஹவுஸில், திரை எழுந்தபோது ஆடியவர்கள் மார்கோ ஃபான்டெய்னும் ருடால்ஃப் நூரியேவும். அமெரிக்கப் பயணத்துக்குப் பெரிய பெயர்கள் வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு. ஃபான்டெய்னுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அன்று 43 முறை திரை எழுந்து வணக்கம் வைத்தார்கள், கைதட்டல் நாற்பது நிமிடம் ஓடியது.

மேக்மில்லனுக்கு அது வெற்றியா, காயமா? இரண்டும்தான். தனக்காக உழைத்த இரண்டு பேரை மேலிடத்துக்கு எதிராக நின்று அவரால் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த ஆண்டே பெர்லினின் டாய்ச்ச ஓப்பரா பாலேக்கு இயக்குநராகப் போய்விட்டார், சீமோரையும் அழைத்துக்கொண்டு. கேபிள் கொஞ்ச காலத்தில் பாலேயை விட்டு நடிப்புக்குப் போனார்.

ஃபான்டெய்ன் ஆடியதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஜூலியட்டின் பிடிவாதமும் கட்டுக்கடங்காத ஓட்டமும் சீமோருடையவை. அவருடைய உடம்புக்குத் தைத்த சட்டை அது. இன்று அந்த வேடத்தை ஆடும் ஒவ்வொருவரும், பெயர் தெரியாவிட்டாலும், சீமோரைத்தான் அணிந்துகொள்கிறார்கள்.

#8 இரவல்சிறகு

மூன்றாம் அங்கத்தில் ஜூலியட் கட்டில் விளிம்பில் உட்காரும் இடத்தைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். நானே எழுதிவிடுகிறேன்.

ரோமியோ போய்விட்டான். பெற்றோர் பாரிஸ் என்ற பிரபுவைக் கட்டிக்கொள்ளச் சொல்லி மிரட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அறையில் அவள் மட்டும். புரோகோஃபியேவின் இசை எழுந்து பெருகி அரங்கையே நிரப்புகிறது. வேறு எந்த அமைப்பாளரும் அந்த இடத்தில் தாவல், சுழற்சி, கைவீச்சு என்று எல்லாவற்றையும் கொட்டுவார். மேக்மில்லன் அவளைக் கட்டிலின் நுனியில் உட்காரவைத்துவிடுகிறார். இரண்டு காலும் சேர்ந்து தரையில். முகம் நேராக நம்மைப் பார்த்து. அசைவே இல்லை. இசை அவளுக்குப் பதிலாக ஓடுகிறது. அவள் முடிவெடுப்பதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அப்புறம் சட்டென்று எழுந்து மேலாடையை எடுத்துக்கொண்டு பாதிரியாரிடம் ஓடுகிறாள்.

ஒத்திகையில் இளம் பெண்கள் மிகவும் பயப்படுகிற இடம் அதுதான். முப்பத்திரண்டு சுழற்சி சுற்றச் சொன்னால் சுற்றுவார்கள். சும்மா உட்காரச் சொன்னால் கை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். செய்ய எதுவுமே இல்லாமல் ஆயிரக்கணக்கான கண்களுக்கு முன் இருக்க வேண்டும். மேடைப் பயத்தின் மையப்புள்ளி அது. அந்த மனிதர் தன்னால் தாங்க முடியாமல் போன அதே நிலையை எடுத்து அவளிடம் கொடுத்து, இதுவே போதும், இதுவே ஆட்டம் என்கிறார். அதனால்தான் அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது.

#9 ஏழாம்வரிசை

எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறீர்கள். எனக்கும் அவர் பிடிக்கும். ஆனால் ஒரு நெருடலைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது.

அவருடைய பயத்தைச் சுமப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். 1960-இல் ‘தி இன்விடேஷன்’. ஒரு சிறுமி மேடையில் வன்புணர்வு செய்யப்படுகிறாள். ‘மேயர்லிங்’கில் இளவரசன் ருடால்ஃப் முதலிரவில் மண்டை ஓட்டையும் துப்பாக்கியையும் காட்டிப் புது மனைவியை மிரட்டுகிறான். ‘மானோன்’ மூன்றாம் அங்கத்தில் சிறை அதிகாரி அவளுக்குச் செய்வதைத் திரும்பிப் பார்க்கவே மனம் வராது. கடைசியாக 1992-இல் ‘தி ஜூடாஸ் ட்ரீ’: லண்டன் கட்டுமானத் தளத்தில் ஒரு பெண், சுற்றிலும் ஆண்கள், கூட்டு வன்முறை. ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணின் உடம்பு இழுக்கப்படுகிறது, வீசப்படுகிறது, வளைக்கப்படுகிறது. ‘ரோமியோ ஜூலியட்’டின் கல்லறைக் காட்சியில்கூட, உயிரில்லாதவள் என்று நினைத்து ரோமியோ அவளைத் தூக்கி ஆடவைக்கப் பார்க்கிறான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ய ஆடுகிற பெண் தன் உடம்பை முழுவதுமாக ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

உண்மையைச் சொல்வதற்கும் காயத்தைக் காட்சியாக்குவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அதை அவர் சில முறை தாண்டினார் என்பது என் தீர்க்கமான எண்ணம். ‘ஜூடாஸ் ட்ரீ’யை இன்னொரு முறை பார்க்க மாட்டேன்.

#10 மூன்றாம்மணி

ஏழாம்வரிசை, இதை நீங்கள் எழுதியது நல்லது. ‘ஜூடாஸ் ட்ரீ’ பற்றி உங்களோடு உடன்படுகிறேன். அங்கே அந்தப் பெண்ணுக்குப் பெயரில்லை, மனமும் இல்லை. ஆனால் ‘மேயர்லிங்’ எனக்கு வேறு. அங்கே சிதைகிறவன் ருடால்ஃப். ஆண் ஆட்டக்காரனுக்கு அவ்வளவு பெரிய, அவ்வளவு அசிங்கமான வேடத்தை அதற்கு முன் யாரும் எழுதவில்லை. இளவரசன் என்றால் வெள்ளை உடையில் பெண்ணைத் தூக்கிப் பிடித்து நிற்பவன் என்றிருந்த காலம். 1978-இல் டேவிட் வால் அந்த வேடத்தை ஏற்றபோது மாலை முழுவதும் மேடையை விட்டு இறங்க நேரமில்லாத அளவுக்கு ஆட வேண்டியிருந்தது. முடிவில் அவன் மீது நமக்கு மரியாதை வருவதில்லை. ஆனால் அவனை நமக்குத் தெரிந்துவிடுகிறது.

#11 ஐந்துகோடு

ஏழாம்வரிசை சொன்னதில் பாதிக்குமேல் நியாயம். எடைத்தட்டின் இன்னொரு பக்கத்தையும் வைக்கிறேன். இதே மனிதர்தான் குழு வரிசையில் நின்ற இளம் பெண்களைக் கண்டெடுத்து நடுவில் நிறுத்தினார். 1962-இல் ‘வசந்தத்தின் சடங்கு’ அமைத்தபோது பலியாகும் பெண்ணாக அவர் தேர்ந்தெடுத்த மானிக்கா மேசன் அப்போது குழு நடனக்காரி. பின்னாளில் ராயல் பாலேக்கே இயக்குநர் ஆனார். 1989-இல் ‘தி பிரின்ஸ் ஆஃப் தி பகோடாஸ்’ பாலேக்கு இருபது வயது டார்சி பஸலைப் பிடித்தார். அவருடைய கண் முகத்தையும் பதவியையும் பார்க்காது. யாரிடம் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது என்று பார்க்கும். வரிசையில் நின்று பழகிய ஆட்டக்காரருக்கு வாய்க்கிற கண் அது.

#12 திரைக்குப்பின்

நிர்வாகத்தோடு அவருக்கு இருந்த தகராறையும் சேர்க்க வேண்டும். மாலரின் ‘பூமியின் பாடல்’ இசைக்கு பாலே அமைக்க ஆசைப்பட்டார். அந்த இசைக்கு ஆடக்கூடாது என்று ராயல் ஓப்பரா ஹவுஸ் நிர்வாகக் குழு மறுத்தது. கிராங்கோ அப்போது ஸ்டுட்கார்ட் பாலேக்கு இயக்குநர். இங்கே வந்து செய் என்றார். 1965 நவம்பரில் அங்கே அரங்கேறியது. ஆறே மாதத்தில் லண்டன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

1973-இல் கிராங்கோ விமானப் பயணத்தில் இறந்துபோனார். அவர் நினைவாக ஃபோரேயின் ‘ரெக்வியம்’ இசைக்கு அமைக்க மேக்மில்லன் விரும்பினார். வழிபாட்டு இசைக்கு ஆடலாமா என்று மறுபடியும் மறுப்பு. இதில் கொடுமை என்னவென்றால் அப்போது அவரே ராயல் பாலேயின் இயக்குநர். மறுபடியும் ஸ்டுட்கார்ட், 1976. லண்டன் அதை 1983-இல்தான் பார்த்தது. அவருடைய மிக நல்ல இரண்டு படைப்புகள் சொந்த வீட்டில் இடம் கிடைக்காமல் வெளியே பிறந்தவை.

இயக்குநர் பதவி 1970 முதல் 1977 வரை. அதற்கு முன் பெர்லினில் இருந்த காலம் முழுக்கத் தனிமை, குடி, மனச்சோர்வு. லண்டனிலும் நிம்மதி இல்லை, முந்தைய இயக்குநர் ஆஷ்டனை அனுப்பிவிட்டு இவரைக் கொண்டுவந்தார்கள் என்று ரசிகர்களில் ஒரு பகுதி கோபமாக இருந்தது. ஆட்களை நிர்வகிப்பது அவருக்குச் சுமை. 1977-இல் பதவியை உதறிவிட்டு முதன்மை அமைப்பாளராக மட்டும் இருந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ‘மேயர்லிங்’. தோளிலிருந்து மூட்டையை இறக்கியதும் நடந்தது அது.

#13 பதினாறுவிரல்

அனைவருக்கும் வணக்கம். இங்கே முதல் முறையாக எழுதுகிறேன். எனக்கு வயது இருபத்து நான்கு, ஒரு குழுவில் கடைசி வரிசையில் ஆடுகிறேன். வகுப்பு, ஒத்திகை, நிகழ்ச்சி என்று வாரத்தில் ஆறு நாள் போய்விடும். மிச்ச நேரத்தில் தலைக்குள் அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சக ஆட்டக்காரர்கள் இரண்டு பேரை வைத்து நான்கு நிமிடத்துக்கு ஒன்று அமைத்தேன், யாருக்கும் காட்டவில்லை. அமைப்பாளர் ஆக வேண்டும் என்றால் ஆடுவதை எப்போது நிறுத்த வேண்டும்? நான் ஒரு பெண் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதுவரை சொன்ன பெயர்களில் அமைப்பாளராக ஒரு பெண்ணும் இல்லை.

#14 ஏழாம்வரிசை

வருக. கடைசி வரியைப் படித்ததும் வெட்கமாக இருந்தது, நானும் கவனிக்கவில்லை.

பெயர்கள் உண்டு. ப்ரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா 1923-இல் ‘லெ நோஸ்’ அமைத்தார், நூறு ஆண்டு கழிந்தும் அதன் கூர்மை மழுங்கவில்லை. மேக்மில்லனை உள்ளே எடுத்த நினெட் டி வாலுவாவே தியாகிலெவின் ரஷ்ய பாலே குழுவில் ஆடி, பிறகு அமைப்பாளராகி, ராயல் பாலேயை உண்டாக்கியவர். நம் காலத்தில் கிரிஸ்டல் பைட். கனடாக்காரர், நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் ஃபிராங்க்ஃபர்ட் குழுவில் ஆடியவர். 2017-இல் ராயல் பாலேக்கு ‘ஃப்ளைட் பேட்டர்ன்’ அமைத்தார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சாம்பல் நிற மேலங்கியில் ஒரே அலையாக நகர்வார்கள், அகதிகளின் வரிசை அது. அந்த அரங்கின் பெரிய மேடைக்கு ஒரு பெண் அமைத்துப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் இப்படி என்றால் காரணம் வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. ‘அன்ன ஏரி’ மாதிரி பாலேக்களில் குழுப் பெண்கள் மாலை முழுவதும் மேடையில். ஆண்களுக்கு இடையிடையே ஓய்வு. காலியான ஒத்திகை அறை யாருக்குக் கிடைக்கிறது, முயன்று பார்க்கும் தெம்பு யாருக்கு மிஞ்சுகிறது என்று யோசித்தால் புரியும். சிறுவயதிலிருந்தே பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது வரிசை கலையாமல் இருக்க. நூறு பெண்களில் ஒருத்தியாகப் போட்டியிடுகிறவள் வாயைத் திறந்து ‘எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது’ என்று சொல்லத் துணிவது சின்ன விஷயம் இல்லை.

#15 ஐந்துகோடு

மகளே, நிறுத்த வேண்டாம். அதுதான் என் பதில். ஆடிக்கொண்டே அமைத்துப் பாருங்கள். உங்கள் உடம்பில் இன்றைய வலி இருக்கும்போது அமைத்தால்தான், அடுத்தவர் மூச்சு எங்கே வாங்குவார் என்று தெரியும். ஒரு தூக்கலை மூன்றாவது நிமிடத்தில் வைப்பதற்கும் முதல் நிமிடத்தில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் எழுத்தில் தெரியாது, தொடைக்குத் தெரியும்.

ஆனால் காட்டாமல் வைத்திருக்காதீர்கள். மேக்மில்லனின் முதல் படைப்பு வந்தது பயிலரங்கு நிகழ்ச்சியில்தான். ஸ்டுட்கார்ட்டில் நோவெர் சங்கம் என்று ஒன்று 1958-இல் தொடங்கினார்கள். இளம் ஆட்டக்காரர்கள் தங்கள் முதல் முயற்சிகளைக் காட்ட ஒரு மாலை, அவ்வளவுதான். ஜிரி கிலியான், ஜான் நியூமயர், வில்லியம் ஃபோர்சைத் மூன்று பேரும் அந்த மாலைகளில் முளைத்தவர்கள். மூவரும் அப்போது ஸ்டுட்கார்ட் பாலே குழுவைச் சேர்ந்த ஆட்டக்காரர்கள். உங்கள் குழுவில் அப்படி ஒரு மாலை இருந்தால் பெயர் கொடுங்கள். இல்லையென்றால் காலை வகுப்புக்கு முன் அரை மணி நேரம் அறையைக் கேளுங்கள். அரை மணிக்கு மறுப்பவர்கள் குறைவு.

இன்னொன்று. அந்த நான்கு நிமிடத்தை எழுதி வையுங்கள். குறியீடு தெரியாவிட்டால் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, சொந்த வார்த்தையில். கைபேசியில் எடுத்தால் மட்டும் போதாது. படம் என்ன நடந்தது என்று காட்டும். நீங்கள் என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தீர்கள் என்பது எழுத்தில்தான் இருக்கும்.

#16 இரவல்சிறகு

பதினாறுவிரல், நானும் ஒன்று சொல்கிறேன். உங்கள் இரண்டு ஆட்டக்காரர்களிடம் முதலில் அசைவைக் காட்டாதீர்கள். என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், அவர்கள் எதைச் செய்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் நினைத்ததைவிட நல்லது ஒன்று தவறுதலாக வரும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒத்திகை அறையில் தினமும் பார்ப்பது இது.

உங்கள் பெயரில் ‘பதினாறு’ இருப்பதைப் பார்த்ததும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

#17 பதினாறுவிரல்

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை காலை அரை மணி கேட்டிருக்கிறேன். பெயரைப் பற்றி: உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் இங்கே சேர்ந்தேன்.

#18 திரைக்குப்பின்

மூன்றாம்மணி ‘மேயர்லிங்’கில் தொடங்கியதால் அந்தக் கடைசி இரவையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

1992 அக்டோபர் 29. கோவன்ட் கார்டனில் ‘மேயர்லிங்’ மீண்டும் மேடையேறுகிறது. ருடால்ஃபாக இரெக் முகமெடோவ். மாஸ்கோவின் பல்ஷாய் பாலேயிலிருந்து வந்தவர், மேக்மில்லனின் கடைசிக் காலப் படைப்புகளுக்கு உயிர் கொடுத்தவர். அதே இரவு பர்மிங்காமில் அவருடைய ‘ரோமியோ ஜூலியட்’ ஓடிக்கொண்டிருந்தது. கோவன்ட் கார்டனில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேடைக்குப் பின்புறத்தில் மேக்மில்லன் மாரடைப்பால் இறந்துபோனார். வயது 62. ஆட்டம் முடிந்த பிறகு அரங்கின் தலைவர் ஜெரமி ஐசக்ஸ் மேடைக்கு வந்து செய்தியைச் சொன்னார். எழுந்து தலைகுனிந்து நின்றுவிட்டு, அமைதியாகக் கலைந்து போகுமாறு கேட்டுக்கொண்டார். அன்று கைதட்டலுடன் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

#19 மூன்றாம்மணி

திரைக்குப்பின், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் கொஞ்சம் மாறியிருக்கிறது. பயம் அவரை அமைப்பாளர் ஆக்கியது என்று நினைத்திருந்தேன். பயந்தபோது அவரை ஒதுக்காமல் ஹென்லிக்கு அழைத்துப்போக ஒரு கிராங்கோ இருந்தார் என்பதை நான் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. இரவல்சிறகு சொன்ன குழுவில் அப்படி ஒருவர் இல்லை.

ஏழாம்வரிசையின் வார்த்தைகளோடு ‘மானோன்’ மூன்றாம் அங்கத்தைத் திரும்பப் பார்க்கப் போகிறேன், சதுப்புநிலக் காட்சி வரை. அதற்கு முன் ‘ரோமியோ ஜூலியட்’டை எடுத்து அந்தக் கட்டில் இடத்தை மட்டும் பார்த்தேன். கைகளைக் கவனித்தேன். மடியில் அப்படியே கிடக்கின்றன.

பதினாறுவிரல், வெள்ளிக்கிழமை எப்படிப் போனது என்று வந்து சொல்லுங்கள்.